ஓடை போன வழி

19 ஜனவரி 2025, ஞாயிறு

காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் வாசலில் பூக்காரம்மா. கையில் பூக்கூடை இல்லை, ஜவுளிக்கடைக் கட்டைப்பைதான் இருந்தது. அதற்குள் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் இன்னொன்று. ரேஷன் அட்டை நகல், வாக்காளர் அட்டை நகல், கரண்ட் பில், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். எல்லாவற்றுக்கும் அடியில், நாலாக மடித்து, மடிப்பு கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டிய பழுப்புத் தாள் ஒன்று. பி-மெமோ. புறம்போக்கில் குடிசை போட்டதற்கு அபராதம் கட்டச் சொல்லி அந்தம்மாவின் மாமனார் பேருக்கு வந்தது.

1905-ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் பிறந்த சீட்டு அது. "இது உன் இடம் இல்லை" என்பதைத் தவிர அதில் வேறு சேதி கிடையாது. ஆனால் மலையடிவாரத்தில் அதைத்தான் பத்திரம் மாதிரி பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார்கள். நாங்கள் இத்தனை வருஷமாக இங்கே இருக்கிறோம் என்று தேதி போட்டு அரசாங்கமே எழுதிக் கொடுத்தது வேறு எதுவும் அவர்களிடம் இல்லை.

"எங்க தெருவ அளந்து ஒரு படம் போட்டுக் குடுங்க சார்."

தெரு என்பது மரியாதைக்குச் சொல்வது. என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மலையை நோக்கி ஏறும் சந்து. கீழே தார், நடுவில் சிமெண்ட், மேலே வெறும் பாறை. டிசம்பர் 1 சாயங்காலம் ஃபெஞ்சல் புயல் மழையில் இந்தத் திருவண்ணாமலையில் வ.உ.சி. நகரில் பாறையும் மண்ணும் சரிந்து ஒரு வீட்டை மூடி ஏழு பேர் போனார்களே, அதில் ஐந்து பேர் குழந்தைகள், அன்றிலிருந்து அந்தச் சந்தில் மழை பெய்தால் யாரும் தூங்குவதில்லை. 13-ஆம் தேதி தீபத்துக்குக்கூட பக்தர்களை மலையேற விடவில்லை. இப்போது டீக்கடையில் வேறு பேச்சு: மலையில் இருப்பவர்களை எல்லாம் இறக்கிவிடப் போகிறார்களாம்.

"வர்றவங்க எல்லாம் மேலப் பாத்து போட்டோ எடுத்துக்கினு போறாங்க. எத்தினி வூடு, எந்த வூட்ல யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது. நாங்களே எழுதி வச்சிக்கினா தப்பா சார்?"

தப்பில்லை என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றும் சொன்னேன். சர்வேயர் வேலையிலிருந்து ரிட்டயர் ஆகி ஏழு வருஷம். யோசிப்பதற்கு என்ன இருக்கிறது, போகச் சோம்பல்தான்.

20 ஜனவரி, திங்கள்

பேரன் நகர நில வரைபடத்தைக் கணினியில் தேடிக் கொடுத்தான். கீழே என் வீட்டுக்கு நகர அளவை எண் இருக்கிறது, பக்கத்துக் காலி மனைக்கு இருக்கிறது, சந்தின் முனையில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்குக்கூட ஒரு சதுரம் இருக்கிறது. அதற்கு மேலே வெள்ளை. மூன்று தலைமுறை சோறு பொங்கிய இடம் வெள்ளைத் தாளாக இருக்கிறது.

இது நம்மூர்க் கதை மட்டுமல்ல. நைரோபியில் கிபேரா என்று ஒரு பெரிய குடிசைப்பகுதி. அரசாங்க வரைபடத்தில் அது வெகுகாலம் காடு. 2009-ல் அந்த ஊர்ப் பையன்களும் பெண்களும் ஒரு பதின்மூன்று பேர் கையடக்க ஜி.பி.எஸ். கருவியோடு நடந்து நடந்து தங்கள் சந்துகளை வரைந்தார்கள். சென்னையில் என்ன நடந்தது? 1971-ல் குடிசைப்பகுதிச் சட்டம் வந்தது. அப்போது 1,202 பகுதிகளைப் பட்டியலில் சேர்த்தார்கள். 1985-ல் இன்னும் 17. அதோடு பட்டியல் நின்றது, குடிசைகள் நிற்கவில்லை. பட்டியலில் இருந்தால் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு, சுலபத்தில் காலி செய்துவிட முடியாது. பட்டியலுக்கு வெளியே இருப்பவன் நிலத்தில் இருந்தும் இல்லாதவன்.

பூக்காரம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று.

26 ஜனவரி, ஞாயிறு

குடியரசு நாள். கிராமமாக இருந்தால் இன்றைக்கு கிராம சபை, யாராவது எழுந்து நின்று தெருவைப் பற்றிக் கேட்டிருப்பார்கள். நாம்தான் போன ஆகஸ்டில் மாநகராட்சி ஆகிவிட்டோமே.

பிளான் ஷீட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போனேன். போனதும் புரிந்தது, பென்சிலை எடுத்தால் எல்லாரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். தாளை எடுத்துவைத்துவிட்டுக் கோலமாவு கொண்டுவரச் சொன்னேன். பிள்ளையார் கோயில் முன்னால் சிமெண்ட் களம். "உங்க தெருவ இங்க போடுங்க" என்றேன். முதலில் சிரித்தார்கள். அப்புறம் ஒரு பெண் குனிந்து சந்தை ஒரே இழுப்பாக இழுத்தாள். நாற்பது வருஷமாகக் கோடு போட்டவன் நான், அப்படி ஒரு கோடு எனக்கு வராது.

பத்து நிமிஷத்தில் களம் நிறைந்துவிட்டது. வீட்டுக்கு ஒரு கட்டம். பாறைக்குச் செங்கல் தூள், மரத்துக்கு வேப்பிலை, கைப்பம்புக்கு ஒரு சோடா மூடி. நாலு வீட்டுக்குப் பொதுவான கழிப்பறையைப் போடும்போது மட்டும் சண்டை. அது யார் வாசலில் இருக்கிறது என்பதில் இரண்டு கட்சி.

இதெல்லாம் புதுசு இல்லை. 1973-74-ல் கேம்பிரிட்ஜிலிருந்து ஒரு ஆய்வுக் கூட்டம் வட ஆற்காட்டுக்கு வந்தது. நம்முடைய ஜில்லா அப்போது அதற்குள்தான் இருந்தது. அந்தக் கூட்டத்தில் ராபர்ட் சேம்பர்ஸ் என்று ஒருவர். ஏரிப் பாசனத்தைப் பற்றி எழுதினார். பிற்காலத்தில் ஊர்க்காரர்களையே தரையில் படம் போடவைக்கும் முறையை உலகம் முழுக்கப் பரப்பியவர்களில் அவர் முக்கியமானவர். அதிகாரி கையில் இருக்கும் குச்சியை ஊர்க்காரர் கையில் கொடு என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். எங்களுக்கு ஒரு பயிற்சியில் இதைப் பாடமாக நடத்தினார்கள். பாடம் முடிந்ததும் குச்சியை நாங்களே வாங்கிக்கொண்டோம்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது கூட்டத்திலிருந்து ஒரு ஆயா எழுந்தது. எண்பது இருக்கும். துணிக்குப் போடும் நீலப்பொடி பாக்கெட்டை வாங்கி, மேலே பாறையிலிருந்து ஆரம்பித்துக் கட்டங்களுக்கு நடுவே வளைத்து வளைத்து ஒரு கோடு விட்டது. ஐந்தாறு கட்டங்களின் மேலேயே அந்த நீலம் ஏறிப் போனது.

"இன்னா ஆயா இது?"

"ஓடை."

"ஏது ஓடை? நா பொறந்து பாக்கல."

"நீ பொறந்தப்ப உன் துணிய அதுலதாண்டி அலசினேன்."

கூட்டம் சிரிக்கும்போதே மேஸ்திரி வந்தார். கொத்து வேலை செய்கிறவர், சந்தில் மொட்டைமாடி போட்ட ஒரே வீடு அவருடையது. ஒன்றும் பேசவில்லை. செருப்புக் காலால் அந்த நீலத்தைத் தேய்த்துவிட்டுப் போய்விட்டார். வெள்ளைக் கட்டங்களும் சேர்ந்து கலங்கிப்போயின.

28 ஜனவரி, செவ்வாய்

கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும் பாப்பா ஒருத்தி, சந்தின் மேல் கோடி வீடு, போனோடு வந்தாள். "தாத்தா, டேப் எதுக்கு? போன்லயே மேப் போடலாம்." ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் கணக்கும் ஆரம்பித்துவிட்டாளாம். போட்டுப் பார்த்தோம். ஒரே இடத்தில் நின்று மூன்று தடவை குறித்தாள், மூன்றும் மூன்று இடம். நாலைந்து மீட்டர் இப்படி அப்படி. ஏரிக்கரையை வரைய அது போதும். இங்கே வீடே பத்தடிக்குப் பன்னிரண்டடி. நாலு மீட்டர் தவறினால் இவள் வீடு எதிர்வீட்டுக்காரருடையதாகிவிடும்.

"மேப் போட்டா போலீஸ் புடிக்குமா?" என்று கேட்டாள். முன்பெல்லாம் அனுமதி, தடை என்று நிறைய இருந்தது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு விதிகளைத் தளர்த்திவிட்டது, இந்தியர் யாரும் வரைபடம் தயாரிக்கத் தடையில்லை. சொன்னதும் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். போலீஸ் வரும் என்று எதிர்பார்த்தாள் போல.

2 பிப்ரவரி, ஞாயிறு

டேப்பை எடுத்தோம். என்னுடைய பழைய ஃபைபர் டேப், முப்பது மீட்டர், மறுபக்கம் அடிக்கணக்கு. முனையில் முதல் அடி எப்போதோ எலி கடித்துப் போயிற்று. ஒன்றிலிருந்து பிடித்து, வருகிற கணக்கில் ஒன்றைக் கழிக்க வேண்டும். அதைப் பையன்களுக்குப் புரியவைக்க அரைமணி நேரம்.

சந்தின் நடுவே ஒரு கயிற்றை நீட்டிக் கட்டினோம். அதுதான் முதுகெலும்பு. அதிலிருந்து இடமும் வலமும் நேர்க்கோணமாக ஒவ்வொரு வீட்டு மூலைக்கும் அளந்தால் அது விலா. லாம்ப்டன் என்ற வெள்ளைக்கார சர்வேயர் 1802-ல் பரங்கிமலைக்குப் பக்கத்தில் அடிக்கோடு போட்டு இந்தியாவையே அளக்க ஆரம்பித்ததும் இந்தப் புத்திதான், அவரிடம் எஃகுச் சங்கிலி இருந்தது, எங்களிடம் துணி உலர்த்தும் கயிறு. கதவில் சுண்ணாம்பில் நம்பர். ஒரு நோட்டில் நம்பருக்கு நேரே யார், எத்தனை பேர், எந்த வருஷத்திலிருந்து, என்ன காகிதம் இருக்கிறது. பாதி வீட்டில் ஆண் பெயர் சொன்னார்கள். "அவர் இங்க இருக்காரா?" என்றால் பெங்களூரு என்றார்கள், இல்லாவிட்டால் போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆச்சு என்றார்கள். பாப்பா, என்னைக் கேட்காமலே, குடியிருக்கும் பெண்ணின் பெயரை முதலில் எழுத ஆரம்பித்தாள். நான் திருத்தவில்லை.

மதியம் டீ குடிக்கும்போது ஒரு பையன் கேட்டான். "நம்மள நாமளே எண்ணிக் குடுத்தா அவங்களுக்கு இடிக்கத்தான் சுளுவு. சும்மா இருந்தா இன்னா?"

நியாயமான கேள்வி. ஜோக்கின் அற்புதத்தைப் பற்றிச் சொன்னேன். 2018-ல் அவர் இறந்தபோது பத்திரிகையில் வந்ததை வெட்டி வைத்திருக்கிறேன். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். அறுபதுகளில் பம்பாய்க்குப் போய், அணுசக்தி ஆராய்ச்சி மையத்துக்குப் பக்கத்தில் ஜனதா காலனி என்ற குடிசைப்பகுதியில் தங்கினார். குப்பை அள்ள ஆள் வரவில்லை என்று காலனிப் பிள்ளைகளைச் சேர்த்து, குப்பையை எல்லாம் மூட்டை கட்டி மாநகராட்சி வாசலிலேயே கொண்டுபோய்ப் போட்டாராம். பையன்கள் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்தக் காலனியை 1976-ல் இடித்துவிட்டார்கள், ஜனங்களைச் சீத்தா கேம்ப்புக்குத் தள்ளினார்கள். அவர் அதோடு ஓயவில்லை. குடிசைவாசிகளுக்கென்று தேசிய அளவில் அமைத்திருந்த சம்மேளனத்தைத் தொடர்ந்து நடத்தினார். 1985-ல் பம்பாய் நடைபாதைகளை அடியோடு காலி செய்யப்போகிறார்கள் என்ற நேரத்தில், ஸ்பார்க் என்ற அமைப்பு நடைபாதைவாசிகளைக் கூட்டிக்கொண்டு ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. ஆறாயிரம் குடும்பங்களுக்கு மேல். யார் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், என்ன வேலை, எவ்வளவு கூலி எல்லாம் அதில் இருந்தது. அதற்கு வைத்த பெயர், கண்ணுக்குத் தெரியாத நாங்கள் என்ற பொருளில் வரும். கொஞ்ச காலத்தில் அற்புதத்தின் ஆட்களும் அந்த அமைப்பும் கைகோத்தார்கள், நடைபாதைப் பெண்கள் மகிளா மிலன் என்ற பெயரில் ஒரு சங்கம் ஆனார்கள். அதே 1985 ஜூலையில்தான் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வாழ்வுரிமையில் பிழைப்பும் அடக்கம் என்று சொன்னது.

"அப்ப இடிக்கலியா?" என்றான்.

காலி செய்யவே கூடாது என்று கோர்ட் சொல்லவில்லை, முன்கூட்டி நோட்டீஸ் கொடுக்காமல் கூடாது என்றது. பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "எண்ணினாலும் இடிப்பாங்க, எண்ணாட்டியும் இடிப்பாங்க. எண்ணி வச்சிருந்தா எத்தனை வீடு இடிச்சாங்கன்னாவது கேக்கலாம்" என்றேன். அவன் டீயை முடித்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தான்.

4 பிப்ரவரி, செவ்வாய்

ரத சப்தமி. அளக்கப் போகவில்லை. அண்ணாமலையார் செய்யாற்றுத் தீர்த்தவாரிக்குக் கலசபாக்கம் போகும் நாள். வழியில் தனக்கோட்டிபுரத்தில் இறங்கித் தன் பெயரில் இருக்கும் நிலத்தைப் பார்வையிடுவது வழக்கம். வருஷத்துக்கு ஒருமுறை நேரில் போய்ப் பார்க்காவிட்டால் நிலம் கைவிட்டுப் போகும் என்பது சாமிக்கே தெரிந்திருக்கிறது.

9 பிப்ரவரி, ஞாயிறு

அளவு முடிந்தது. வீடுகள் தாளில் ஏறிவிட்டன. பாக்கி ஓடை.

களத்தில் கூட்டம். மேஸ்திரி முதலிலேயே ஆரம்பித்துவிட்டார். "படம் நமக்காகப் போடறது. நமக்கு எதுவா கீறத நாமளே எதுக்கு எழுதணும்? ஓடைன்னு எழுதினா அடுத்த நாளே நீர்வழி ஆக்கிரமிப்புன்னு நோட்டீஸ் ஒட்டுவான். என் ஒண்டி வூடா? ஏழு வூடு போகும்."

கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் தலையாட்டினார்கள். ஆயா மட்டும், "தண்ணி உன் நோட்டீஸப் பாத்தா வருது?" என்றது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கராச்சியைச் சொன்னேன். ஒராங்கி என்று ஒரு பெரிய குடியிருப்பு. அரசாங்கம் சாக்கடை போடவில்லை என்று ஜனங்கள் சந்து சந்தாகத் தாங்களே காசு போட்டுக் குழாய் பதித்தார்கள். அங்கே வேலை செய்த பர்வீன் ரஹ்மான் என்ற கட்டடக்கலைப் பெண்மணி, அந்த ஊர் இளைஞர்களை வைத்தே குழாய்களையும் மழைநீர் போகும் நாலாக்களையும் ஒவ்வொன்றாக வரையவைத்தார். அந்தப் படங்களைக் காட்டித்தான், சந்துக்குள் நாங்கள் செய்துகொண்டோம், பெரிய வடிகாலை நீங்கள் செய்யுங்கள் என்று அரசாங்கத்திடம் கேட்க முடிந்தது. பிறகு நகரத்தின் ஓரத்துப் பழைய ஊர்களை வரைந்தார், அந்த நிலங்களின் மேல் பலருக்குக் கண். 2013 மார்ச் 13-ல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கடைசியில் இருப்பதைச் சொல்லியிருக்க வேண்டாம். பூக்காரம்மா, "நீங்க எங்களுக்குத் தைரியம் சொல்றீங்களா, பயம் காட்றீங்களா?" என்று கேட்டார்.

அப்புறம், சொல்வதற்கு உத்தேசமில்லாத ஒன்றைச் சொன்னேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நத்தம் நிலவரித் திட்டத்தில் எனக்கு ஒரு கிராமம். நத்தத்தை ஒட்டிக் கூலிக்காரர்களின் குடிசைகள் ஒரு வரிசையாக இருந்தன. ஊர்ப் பெரியவர் ஒருவருக்கு அந்த இடத்தின் மேல் ஆசை. யாரும் என்னை மிரட்டவில்லை, பணமும் கொடுக்கவில்லை. மதியச் சாப்பாடு அவர் வீட்டில், அவ்வளவுதான். சாயங்காலம் பதிவேட்டில் அந்த வரிசைக்கு நேரே "காலி" என்று எழுதினேன். நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். திருத்தவில்லை. இரண்டு வருஷம் கழித்து அந்த வழியாகப் பஸ்ஸில் போனேன். காலியாகத்தான் இருந்தது.

களத்தில் யாரும் பேசவில்லை. "தாளில் இருக்கறத மறைச்சா தரை அந்தத் தாள் மாதிரி ஆயிடும், அத நான் செஞ்சு பாத்திருக்கேன்" என்றேன். "ஓடைய எழுதலாமா வேணாமான்னு நீங்க முடிவு பண்ணுங்க. எழுத வேணாம்னா என் பேர் இந்தப் படத்துல வேணாம்."

மிரட்டல் மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் வருத்தமாக இருந்தது. பட்டா வீட்டில் உட்கார்ந்துகொண்டு பட்டா இல்லாதவனுக்கு உண்மை பேசச் சொல்வது சுலபம்.

11 பிப்ரவரி, செவ்வாய்

தைப்பூசம். சாயங்காலத்திலிருந்து பௌர்ணமியும் சேர்ந்துகொண்டது. கிரிவலப் பாதையில் கால் வைக்க இடமில்லை, பாதிக்குப் பாதி தெலுங்குக் குரல். பூக்காரம்மா இரவு முழுக்க அங்கேதான்.

காலையில் பேப்பர் பார்த்ததும் சந்தே இறங்கி என் வீட்டுக்கு வந்துவிட்டது. நேற்று அமைச்சரவையில் முடிவாம்: சென்னை பெல்ட் ஏரியாவிலும் மற்ற மாநகராட்சி, நகராட்சி, மாவட்டத் தலைநகரங்களிலும் புறம்போக்கில் பல வருஷமாகக் குடியிருக்கும் 86 ஆயிரம் பேருக்கு ஆறு மாதத்தில் பட்டா. ஒருவர் ஜாங்கிரி வாங்கிவந்திருந்தார். எனக்கும் ஒன்று.

செய்தியை இரண்டு தடவை படித்தேன். நடுவில் ஒரு சொல் இருக்கிறது, "ஆட்சேபணையற்ற" புறம்போக்கு. எங்கள் இலாகாவில் முழு உத்தியோகமும் இந்த ஒரு சொல்லில்தான் ஓடும். நீர்வழி, ஏரி, குளம், சாலை என்றால் ஆட்சேபணை உண்டு. வனத்துறையின் இடம் என்றால் கதையே வேறு. இந்தச் சந்தின் கீழ்ப்பாதி தேறலாம். மேல்பாதி எந்த எல்லைக்குள் என்பதை எல்லைக்கல்லைத் தேடிப் பார்த்துத்தான் சொல்ல முடியும், கல் மண்ணுக்குள் இருக்கிறது. ஜாங்கிரி வாயில் இருக்கும்போது இதை எப்படிச் சொல்வது? சொல்லாமல் மென்றேன்.

14 பிப்ரவரி, வெள்ளி

காலையில் மேஸ்திரி வந்தார். வாசலில் நின்றபடியே பேசினார். டிசம்பர் 1 ராத்திரி அவர் வீட்டுக்குள் இடுப்பளவு சேறு வந்ததாம். மகளைத் தோளில் தூக்கி மாடிக்கு ஏறினாராம். மாடி கட்டியதே அதற்காகத்தான் என்று இப்போது நினைத்துக்கொள்கிறாராம். "இத்தனி நாளு இத யார்கிட்டயும் சொல்லல. சொன்னா ஓடையில கட்டினேன்னு ஆயிடுமில்ல."

"காபி சாப்பிடுங்க" என்றேன். சாப்பிட்டார்.

16 பிப்ரவரி, ஞாயிறு

ஓடையை அளந்தோம். அளந்தது ஓடையை அல்ல, அது போன தடத்தை. டிசம்பர் சேறு சுவர்களில் கோடு விட்டிருக்கிறது. சில வீட்டில் வெள்ளை அடித்து மறைத்திருந்தார்கள், கேட்டதும் அவர்களே காட்டினார்கள். கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று வீட்டுக்கு வீடு அடிக்கணக்கில் எழுதிக்கொண்டு, உயரமான அளவுகளைச் சேர்த்துக் கோடு இழுத்தால், ஆயா நீலப்பொடியில் போட்ட வளைவு அப்படியே வருகிறது. ஒரு இடத்தில் மட்டும் வித்தியாசம். ஆயா இடப்பக்கம் திரும்பும் என்று சொன்ன இடத்தில் சேறு வலப்பக்கம் திரும்பியிருக்கிறது. அங்கே இப்போது ஒரு தடுப்புச் சுவர். தண்ணீர் சுவரைப் பார்த்துத் திரும்பி, ஓடையில் இல்லாத இரண்டு வீட்டில் ஏறியிருக்கிறது. எந்தப் பழைய புலப்படத்தை வைத்துக்கொண்டு பார்த்தாலும் இது தெரியாது.

டேப்பின் மறுமுனையைப் பிடித்தவர் மேஸ்திரி. "ஒண்ணக் கழிக்கணும் சார்" என்று ஒவ்வொரு அளவுக்கும் எனக்கு நினைவுபடுத்திக்கொண்டே வந்தார்.

19 பிப்ரவரி, புதன்

நேற்று 'நக்ஷா' என்று மத்திய அரசின் திட்டம் தொடக்கம். 26 மாநிலங்களிலும் 3 யூனியன் பிரதேசங்களிலுமாக 152 நகரங்களில் வானத்திலிருந்து படம் எடுத்து நகர நிலங்களை அளக்கப் போகிறார்கள். பாப்பா போனில் காட்டினாள். "அப்போ நாம செஞ்சது வேஸ்ட்டா தாத்தா?"

மேலிருந்து பார்த்தால் கூரை தெரியும். ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மூன்று அடுப்பு எரிவது தெரியாது. புங்கமரத்தடி வீடே தெரியாது. ஒடிசாவில் 2017-ல் குடிசைவாசிகளுக்கு நில உரிமைச் சட்டம் போட்டுவிட்டு, அடுத்த வருஷத்திலிருந்து ட்ரோனும் பறக்கவிட்டார்கள். ஆனால் வந்த படத்தை அந்தந்தக் குடியிருப்பில் கூட்டம் போட்டுக் காட்டி, இது யார் வீடு என்று கேட்டுத்தான் பட்டியலை முடித்தார்கள். சான்றிதழ் கணவன் மனைவி இருவர் பெயரிலும். விற்க முடியாது, பிள்ளைகளுக்குப் போகும். ட்ரோன் வரட்டும், வரும்போது நம் நோட்டு தயாராக இருக்கட்டும் என்றேன்.

அவளுக்கு அரை மனசுதான். ட்ரோன் ஓட்டுகிற வேலைக்கு என்ன படிக்க வேண்டும் என்று கேட்டாள்.

3 மார்ச், திங்கள்

வேங்கிக்கால் கலெக்டர் அலுவலகம், மக்கள் குறைதீர் நாள். பூக்காரம்மா, ஆயா, மேஸ்திரி, பாப்பா, நான். மனுவில் இரண்டு கேட்டோம். கீழ்ப்பாதிக்குப் பட்டா தர ஆய்வு செய்யுங்கள். நீலக் கோட்டில் இருக்கும் வீடுகளுக்கு இந்த ஊருக்குள்ளேயே, பூ விற்கவும் கொத்து வேலைக்கும் போய்வரக்கூடிய தூரத்தில் மாற்று இடம் தாருங்கள். சென்னையில் கூவம் கரையிலிருந்து தூக்கிக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுவைத்தார்களே, அந்த மாதிரி வேண்டாம் என்று எழுத பாப்பா ஆசைப்பட்டாள். மனுவுக்கு அது நீளம் என்று நான்தான் அடித்தேன்.

வரிசையில் நின்று டோக்கன், பதிவு, ரசீது எண். படத்தை வாங்கியவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த நீலக் கோடு யார் போட்டது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி சொன்னார். "நாங்கதான்."

12 மார்ச், புதன்

மாசி மகம். பிள்ளையில்லாமல் போன வல்லாள மகாராஜாவுக்குப் பிள்ளையாக நின்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டில் திதி கொடுக்கும் நாள். அறுநூற்று எண்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று அந்த ராஜா போய். பூக்காரம்மா மாலை கட்டிக்கொண்டே, "சாமிக்கு வாரிசு சர்டிபிகேட் எந்த ஆபீஸ்ல சார் குடுத்தாங்க?" என்றார். மாமனார் பேரிலிருந்து தன் பேருக்கு எப்படியாவது ஒரு காகிதம் வாங்கவேண்டும் என்ற கவலை அவருக்கு.

மனுவுக்கு இதுவரை பதில் இல்லை. இன்னும் பத்து நாள்கூட ஆகவில்லை.

சாயங்காலம் மேஸ்திரி வந்தார், பின்னால் தெரியாத இரண்டு பெண்கள். மலையின் அந்தப் பக்கத்துத் தெருவாம். தங்கள் தெருவையும் வரைய வேண்டுமாம், டேப் கடன் கேட்டார்கள். நான் வரட்டுமா என்றேன். வேண்டாம், நானே போய்ச் சொல்லித்தரேன் என்றார் மேஸ்திரி. எடுத்துக் கொடுத்தேன். வாசல் தாண்டிப் போகும்போதே அந்தப் பெண்களிடம் அவர் சொல்வது கேட்டது. "இதுல மொத அடி இல்லம்மா. ஒண்ணுல இருந்து புடிக்கணும், அப்பால ஒண்ணக் கழிச்சிடணும்."